படுத்துக் கிடக்கும் வேஷம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடி என்று பெயர். ஆண்டு விழா நாடகத்தின் நடுவில் மைக் செத்துப்போனபோது, ராஜா வேஷம் கட்டியிருந்த அவளுடைய குரல் மட்டும் கடைசி வரிசைவரை போய், அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனை எழுப்பிவிட்டது. அன்று விழுந்த கைதட்டல் அவள் காதைவிட்டு இறங்கவேயில்லை. படிப்பு முடிந்த கையோடு, அச்சகத்து மாடியில் ஒத்திகை நடத்தும் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே குரலை யாரும் கேட்கவில்லை. நாற்காலி தூக்கினாள், உடுப்புகளை இஸ்திரி போட்டாள், திரை இழுத்தாள். ஒருவழியாக ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டார்.

"ஒரு வேஷம் இருக்கு. பக்கவாதம் வந்த அம்மா. நாடகம் முழுக்கக் கட்டில்ல கெடக்கணும். வசனம் கெடையாது."

"ஒரு முனகல்கூட இல்லையா சார்?"

"இல்ல."

ஓடச் சொன்னால் ஓடுவாள். சும்மா கிடக்கச் சொன்னால் எங்கே போவாள்? உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ஒத்திகையில் போர்வைக்குள் கால் ஆடியது.

"வாதம் வந்த காலு ஏம்மா தாளம் போடுது?" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு வேலையில்லாததால் கட்டிலைச் சுற்றி மற்றவர்கள் பேசிய வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. பஸ்ஸில் அவள் முணுமுணுப்பதைக் கேட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

முதல் காட்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. மருந்துக்கடை வேலையை முடித்துக்கொண்டு அவளுடைய அம்மாவும் வந்திருந்தாள். நாடகத்தில் மகளாக நடிப்பவர் குழுவிலேயே மூத்த நடிகை, எல்லோருக்கும் அக்கா. கட்டிலோரம் உட்கார்ந்து நீளமாகப் பேச வேண்டிய இடத்தில், பாதி வாக்கியத்தில் அக்கா நின்றுவிட்டார்.

முதலில் அதுவும் நடிப்பென்றே தோன்றியது. பிறகு யாரோ இருமினார்கள். இமை இடுக்கில் பார்த்தாள்: அக்காவின் கழுத்து நரம்பு துடித்தது. அடுத்த வரி இவளுக்குத் தொண்டைக்குழிவரை வந்து முட்டியது. வாய் திறந்தால் அரங்கமே அதிரும், நாடகம் செத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கை கேட்கவில்லை. மெல்லப் போர்வைமேல் ஊர்ந்துபோய் அக்காவின் விரலைப் பிடித்தது.

அக்கா திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். "கை அசையுதேம்மா," என்றார். அது எழுத்தில் இல்லாத வரி. அதன் பின்னாலேயே விட்டுப்போன வசனம் அழுகையோடு வந்தது. அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரை விழுந்ததும் இயக்குநர் வந்தார். "வாதக்காரி கையை நீட்டலாமா?"

"அது இடது கை சார். எனக்கு வாதம் வலது பக்கம்."

"எந்தப் பக்கம்னு நான் சொல்லவேயில்லையே?"

"நீங்க சொல்லல. நானா முடிவு பண்ணிக்கிட்டேன்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "நாளைக்கும் நீட்டு."

ஒப்பனை அறையில் அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் மறக்கல. வேணும்னுதான் நிறுத்தினேன்."

"சரிக்கா," என்றாள்.

வெளியே அம்மா காத்திருந்தாள். "தூங்குற மாதிரியே இருந்துச்சுடி. வீட்ல ஒருநாளாவது இப்படிக் கெடந்திருக்கியா?"

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பஸ் வந்துரும், உக்காரு."

"நடந்தே போயிரலாம்மா," என்றவள் அதற்குள் பத்தடி முன்னால் போயிருந்தாள். அக்காவின் வசனத்தை அக்கா பேசியது போலல்லாமல், தன் வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.