மஞ்சள் ஒட்டிய இறால் ஓடு

கிள்ளைப் பக்கம் வாய்க்காலை ஒட்டி எனக்கு இரண்டு இறால் குட்டைகள். போன வருஷம் அந்த வாய்க்காலுக்கு நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடிவந்தது, குட்டிகளோடு ஐந்து. அவை என் இறாலைத் தின்கின்றன என்ற கோபத்தில், மீனில் குருணைப் பூச்சிமருந்து தடவிக் கரையில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, மருந்துப் பொட்டலத்தைக் கொட்டகைக் கூரையில் நான் செருகி வைத்திருந்த சமயத்தில்தான் அனுப்பிரியா வந்து நின்றாள். குடிகாடு ஊர்ப் பெண், சிதம்பரத்தில் படித்துக்கொண்டு நீர்நாய் ஆராய்ச்சி செய்கிறாள்.

"மூணு மாசம் பொறுங்க மாமா. எச்சத்த அலசுனா என்ன தின்னுதுன்னு தெரிஞ்சிடும். உங்க எறா இருந்தா மறைக்காம சொல்றேன்."

"இருந்துச்சுன்னா மருந்து வெச்சிடுவேன்" என்று கூரையைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

முழங்கால் சேற்றில் இறங்கி எச்சம் பொறுக்குவாள். ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டித் தேதி எழுதுவாள். டீ வடிகட்டியில் அலசி, செதில் செதிலாகப் பிரிப்பாள். அந்த நாற்றத்துக்கு என் நாயே ஒதுங்கிப் போகும். எனக்கு உள்ளுக்குள் மலைப்புதான். ஆனால் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்க மனசு வரவில்லை.

கடைசி வாரம் ஒரு காரியம் செய்தேன். என் மனைவி அமராவதி வறுத்த இறாலைத் தின்றுவிட்டு, தட்டில் மிஞ்சிய ஓடுகளைக் கரையில் கிடந்த எச்சத்துக்குள் அமுக்கி வைத்தேன்.

அனுப்பிரியா அதை அலசினாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இந்த நீர்நாய் எறாவ மஞ்சத்தூள் போட்டு வறுத்துத் தின்னுருக்குது."

அவள் அந்த ஒன்றை மட்டும் தள்ளிவைத்தாள். பிறகு நோட்டைப் பிரித்தாள்.

"மத்ததுல பன்னண்டு பொட்டலத்துல உங்க எறா ஓடு நெஜமாவே இருக்குது. பாக்கி நூத்துச் சொச்சத்துல நண்டும் ஜிலேபிக் கெண்டையுந்தான்."

"அந்தப் பன்னண்ட நீ சொல்லாம உட்டிருந்தா எனக்கெப்படிம்மா தெரியும்?"

"தெரியாது மாமா." அவள் கண் மருந்து செருகியிருந்த கொட்டகைக் கூரையிலேயே இருந்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஐந்து உயிரும் போய்விடும் என்று தெரிந்தும் அவள் ஒரு பொய் சொல்லவில்லை. நானோ எச்சில் ஓட்டை வைத்து ஏமாற்றப் பார்த்தவன்.

கூரையிலிருந்து மருந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "குட்டையச் சுத்தி வல கட்டிக்கிறேன். அத மீறித் தின்னா தின்னுட்டுப் போவட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அந்த மருந்துப் பொட்டலத்தின் மேலும் தேதி எழுதிப் பைக்குள் வைத்தாள்.