மூன்றாவது கறுப்பன்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அந்த ஆண்டு கறுப்பர்கள் மூன்று பேர்: ஹொரேஸ், வென்டல், நான். அலபாமாவில் அதுவே பெரிய புரட்சி என்று பத்திரிகைகள் எழுதின. அவை எழுதாத விதி ஒன்று இருந்தது. சொந்த அரங்கில் ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பர்களுக்கு மேல் ஆடக் கூடாது. பயிற்சியாளர் ஸ்டிரிக்லண்ட் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்றாமவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

ஜார்ஜியாக்காரர்களுடன் ஆடிய அன்று எங்கள் வெள்ளைக்காரப் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. வேறு வழியில்லாமல் வென்டலையும் இறக்கினார். அவன் எறிந்ததெல்லாம் வலைக்குள் விழுந்தது. பின்தங்கியிருந்த நாங்கள் எட்டிப் பிடித்தோம்.

"மூணு குரங்கு ஒண்ணா ஆடுதுடோய்!" என்று ஒருவன் கத்தினான். சிரித்தவர்கள் எல்லாரும் எங்கள் கல்லூரிச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

அணிக்கு நன்கொடை தரும் மர வியாபாரி கெய்தர், வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு இறங்கி வந்து பயிற்சியாளரின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த விசிலுக்கு வென்டல் பெஞ்சுக்குப் போனான்.

ஹொரேஸும் களத்தை விட்டு வெளியே நடந்தான்.

"எங்கடா போற?" பயிற்சியாளர் பல்லைக் கடித்தார்.

"ரெண்டு பேருக்குத்தானே கோச் எடம்? என் எடத்துல அவன் ஆடட்டும்."

நானும் போய்ப் பெஞ்சில் ஹொரேஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேய் ரூபஸ், நீயுமா? சோறு போடுறது யாருன்னு மறந்துட்டியா?"

"மறக்கல கோச். அதான் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

எதிரணி மளமளவென்று முன்னேறியது. ஸ்டிரிக்லண்ட் கெய்தரைப் பார்த்தார், புள்ளிப் பலகையைப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் இறக்கினார். ஒரு புள்ளியில் வென்றோம்.

உடை மாற்றும் அறைக்குக் கெய்தர் வந்தார். மோவாயில் புகையிலைச் சாறு வழிய, "நம்ம பசங்கடா!" என்று வென்டலைக் கட்டிக்கொண்டார். ஹொரேஸிடம் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. இப்பத்தான் குளிச்சேன்," என்றான் ஹொரேஸ்.



அந்த வசந்தத்தில் ஒழுங்கீனம் என்று சொல்லி அவனுடைய உதவித்தொகையை நிறுத்தினார்கள். அவனை வழியனுப்பப் போன பேருந்து நிலையத்தில், தானும் விலகுவதாகக் குதித்த வென்டலை அவன்தான் அதட்டினான்: "லூசாடா நீ? அவனுங்களுக்கு வேண்டியதே அதான். இருந்து படி."

ஹொரேஸ் டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தான். எங்கள் மூவரில் அவன்தான் பெரிய ஆட்டக்காரன். அதன் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை.