மெத்தைக்காரர் வீடு சுருங்கிய வரலாறு

மெத்தைக்காரர் இரண்டாம் தவணையைத் தவறவிட்ட மாதத்தில் அவருடைய வீட்டுச் சுவர்கள் உட்புறமாக நகரத் தொடங்கின. தெருவிலிருந்து பார்ப்பவர்க்கு வீடு முன்போலவே நின்றது. குறைந்தது உள்ளளவு மட்டுமே. கடன் கொடுத்தவர் எவரேனும் வாசலில் நின்று குரலை உயர்த்திவிட்டுப் போனால், மறுநாட் காலையில் கூடம் ஒரு சாண் குறைந்திருக்கும். தொலைபேசியில் வந்த வசவுக்கு ஒரு விரற்கடை குறைந்தது. முதலில் அலமாரி வெளியேறிற்று, பின்னர்க் கட்டில். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்தவர் குடும்பத்தோடு சுவரிற் சாய்ந்து உறங்கப் பழகினார். சமையலறையில் மனைவி திரும்ப வேண்டுமாயின் மகள் குனிய வேண்டும். “தள்ளி நில்லு” என்பதற்கு மேல் அவ்வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவது அருகிப் போயிற்று. வீட்டுவரி அலுவலர் வந்து நாடாவால் அளந்தார். புதிய அளவை எழுதி, வரியைக் குறைத்துவிட்டுப் போனார்.

கடன் வந்த வழி எளியது. ஒரு விடுதி நூற்றுக்கணக்கில் நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கச் சொல்லி, தைத்து முடித்த வாரத்தில் மூடப்பட்டது. துணி, பஞ்சு எல்லாம் வட்டிக்கு வாங்கியவை. அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவன் மனைவியின் தம்பி. திவாலானால் வீட்டிலுள்ள அனைத்தையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்ட மெத்தைக்காரர், எந்த வக்கீலையும் பார்க்குமுன்னரே, தம்முடைய கனத்த தையல் இயந்திரத்தை அந்த மைத்துனனுக்கு விற்றதாக ஒரு பொய் ரசீது எழுதி, வண்டியிலேற்றி அனுப்பிவிட்டார். இதை மனைவிக்குச் சொன்னது வண்டி தெருமுனை தாண்டிய பிறகு.

வக்கீல் தேடும் வேலை அவள் தலையில் விழுந்தது. முதலில் பார்த்தவர் ஒரே மாதத்தில் எல்லாக் கடனும் பறந்துவிடும் என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கேட்டார். “இவர் நம்மள ஒரு கேள்விகூடக் கேக்கல. எழுந்திருங்க,” என்று அவள் கணவரை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அடுத்தவர் நிலத்தகராறு வக்கீல். தமக்குத் தெரியாத வேலை என்று ஒப்புக்கொண்டார். ஆகவே அவள் திவால் மனுக்கள் விசாரிக்கப்படும் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் நாள்தோறும் போய் நின்றாள். கடன் கொடுத்தவர்களின் வக்கீல்கள் எவரைக் கண்டதும் முகம் சுளித்தார்களோ, அவரே தனக்கு வேண்டியவர் என்று முடிவு செய்தாள்.

அந்த வக்கீலம்மா இருவரையும் உட்காரச் சொல்லவில்லை.

“யார் யாருக்குக் கடன்னு ஒண்ணு விடாம சொல்லணும். மனுவை ஏத்துக்கிட்டா அப்புறம் எவனும் வாசல்ல வந்து கத்தக் கூடாது. கோர்ட்டு போட்ட அபராதம், ஜீவனாம்சம் இதெல்லாம் திவாலானாலும் கட்டித்தான் ஆகணும். எதையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க,” என்றார் மெத்தைக்காரர்.

“நீங்க ஏம்மா கூரையப் பாக்குறீங்க?”

மனைவி இயந்திரத்தின் கதையைச் சொன்னாள். வக்கீலம்மா பேனாவை மூடினார்.

“பிழைக்கிற கருவிய ஓரளவு மதிப்பு வரைக்கும் சட்டமே உங்ககிட்ட விட்டுவைக்கும். விட்டுவைக்கிறத போய் ஒளிச்சிருக்கீங்க. எவ்வளவு பெரிய மூளை. இத மறைச்சு மனு போட்டா கடன் தீராது, மோசடி வழக்குதான் வரும். திருப்பி வாங்கிட்டு வாங்க. இல்ல, நடந்தத அப்படியே என்னை எழுதச் சொல்லுங்க.”

அவள் அன்றே தம்பி வீட்டுக்குப் போனாள். அகன்ற கூடத்தின் நடுவே இயந்திரம் நின்றது. அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

“ரசீது என் பேர்ல இருக்கேக்கா.”

“நீ ஒத்தக் காசு குடுத்தியாடா?”

“ஜாமீன் போட்டேன்ல. அதுக்கு வாடகைன்னு வச்சுக்க. உன் வீட்டுல இத வைக்க எடமும் இல்ல.”

அவன் மனைவி உள்ளிருந்தபடியே சிரித்தது கேட்டது.

வீடு அதற்குள் ஆளொருவர் பக்கவாட்டில் மட்டுமே நடக்கத்தக்க அளவுக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் இரண்டு வசவுகளுக்குத் தாங்காது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவள் தனியே வக்கீலம்மாவிடம் திரும்பினாள்.

“என் தம்பி வச்சிருக்கான்னு எழுதுங்க.”

“எழுதினா கோர்ட்டு அந்த விற்பனைய ரத்து பண்ணும். அதோட இன்னொண்ணையும் கேட்டுக்கங்க. கடன் உங்க வீட்டுக்காரருக்குத்தான் தீரும், ஜாமீன் போட்டவருக்குத் தீராது. அவங்க அடுத்து உங்க தம்பியத்தான் பிடிப்பாங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்.

“எழுதுங்க,” என்றாள்.

மனு ஏற்கப்பட்ட நாளிற் சுவர்கள் நின்றன. இயந்திரம், பூச்சாடியின் வட்டக் கறையோடு, நீதிமன்ற அமீனாவின் வண்டியில் திரும்பி வந்தது. வாசலில் வைத்தே தைத்தார்கள். அடுத்த ஆண்டு கடன்களிலிருந்து விடுவிக்கும் உத்தரவும் கிடைத்தது. சுவர்கள் பழைய இடத்துக்குப் போகவில்லை. போகுமென்று வக்கீலம்மா சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. மெத்தைக்காரர் அந்த இடைவெளிக்கேற்ற ஒடுங்கிய இருக்கைகளைத் தைத்தார். அவற்றில் வரிசையாக அமர்ந்து உண்டார்கள்.

விடுவிப்பு உத்தரவு வந்த அதே மாதத்தில் தம்பியின் கூடம் சுருங்கத் தொடங்கிற்று. அவன் வந்து, “கூடப் பொறந்தவளா நீ? கழுத்தறுத்துட்ட,” என்று கத்தினான். அவ்வீட்டில் கையை ஓங்க இடமில்லாமையால் கைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கத்த வேண்டியிருந்தது. அவள் வக்கீலம்மாவின் முகவரியைச் சொன்னாள். “எதையும் ஒளிக்காம போ,” என்றாள். அவன் வக்கீலம்மாவிடம் போகவில்லை. அதன்பின் உடன்பிறந்தோர் இருவரும் பேசியதில்லை. ஆயினும் ஆண்டிறுதியில், அவன் வீட்டிலிருந்து ஆறு பெரிய நாற்காலிகள் வந்தன; பாதியாகக் குறுக்கித் தரும்படி ஆள்வழிச் சொல்லியனுப்பியிருந்தான். கூலி முழுவதையும் முன்னதாக எண்ணி வாங்கிய பின்னரே அவள் கணவரைக் கத்தரியைத் தொட விட்டாள்.