அண்டாச் சோதனை

பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கலீல் ரகுமானுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை சொல்லுவான். யார் வீட்டில் மோட்டார் நின்றாலும் காரணம் சொல்லுவான். சொந்த மகளுக்குக் காது கேட்கிறதா என்பதை மட்டும் அடுத்தவனிடம் கேட்டுவிடுவானா? அதையும் அவனேதான் சோதித்தான். அதற்கு அவன் வைத்திருந்த கருவி ஒரு பித்தளை அண்டா.

ரூஹிக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லையே என்று அவன் மனைவி நஜ்மா அழுதபோது முதல் சோதனை நடந்தது. கடைக்கு மேலேயே வீடு. பழைய கட்டடம், பலகைத் தளம். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் அண்டாவைக் கவிழ்த்து, இரும்புக் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டான். ரூஹி திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? சொம்மா பொலம்பிக்கினு கீறியே! எங்க அத்தா அஞ்சு வயசு வரிக்கும் வாயே தொறக்கல. அப்பால அவர் போட்ட கூச்சல்ல தெருவே ஆடிச்சு," என்று கைதட்டிச் சிரித்தான். மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தான்.

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. விருந்தாளி யார் வந்தாலும் அண்டா வெளியே வரும். டொம் என்று ஒரு அடி. ரூஹி திரும்புவாள். கைதட்டல், முத்தம், சில நாள் ஒரு மிட்டாயும் உண்டு. அத்தாவை அந்தக் குழந்தை சிரித்த முகமாகப் பார்த்ததெல்லாம் அந்த அண்டாவுக்குப் பக்கத்தில்தான்.

இரண்டு வயது தாண்டியதும் கலீல் கொஞ்சம் இறங்கி வந்தான். காதுக்குள் காற்று அடைத்திருக்கிறது என்றான். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினான். பிறகு அழுக்காக இருக்கும் என்று தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, "ஜவ்வு நல்லா இருக்கு. ஆனா பெரிய ஆஸ்பத்திரியில குழந்தையைத் தூங்கவச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும், உடனே போங்க" என்றார். முதல் பாதி மட்டும் கலீல் காதில் விழுந்தது.

"தூங்குற புள்ளைக்கு இன்னா கேக்கும்? முழிச்சிக்கினு கீற எனக்கே நீ பேசறது பாதி கேக்கல. எல்லாம் காசு புடுங்குற வேலை," என்று, டெஸ்டை ஞாபகப்படுத்திய நஜ்மாவிடம் பேச்சை அத்தோடு முடித்தான்.

மூன்று வயதில் ஒரு நாள், கட்டில் மெத்தைமேல் ரூஹி பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். அலமாரி மேலிருந்து ஒரு தாம்பாளம் விழுந்து உருண்டது. நஜ்மாவே பதறிப்போனாள். ரூஹி பொம்மையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, தரையில வாணாம், ஒரே ஒரு வாட்டி கட்டில்ல ஒக்கார வச்சி அடிச்சிப் பாருங்க," என்று அன்று இரவே கெஞ்சினாள்.

"பெத்தவளே புள்ளைய செவிடின்னு சொல்லிக்கினு திரியாத," என்றான். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து மறுபடியும் அடித்துக் காட்டினான். அவள் திரும்பினாள். நஜ்மா அண்டாவை எடுத்து உள்ளே வைத்தாள். நம்பத்தான் அவளுக்கும் ஆசை. பிள்ளை விஷயத்தில் நல்ல சேதி சொல்லுகிறவனை எந்தத் தாய் அடித்துத் துரத்துவாள்?

ஆறு வயதில் மூன்று பள்ளிக்கூடங்கள் ரூஹியைச் சேர்க்க மறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நஜ்மாவின் இடுப்பில் அப்போது நாலு மாதக் கைக்குழந்தை முதஸ்ஸிர். ரூஹியைத் தூங்கவைத்தார்கள், தலையில் ஒயர் ஒட்டினார்கள். காது பரிசோதகர் கலைவாணி திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்றுமே எழும்பவில்லை.

"ஜவ்வு நல்லாக்கீதுன்னு டாக்டரே சொன்னாரும்மா," என்றான் கலீல்.

கலைவாணி மேசையிலிருந்த பிளாஸ்டிக் காதைத் திறந்து காட்டினாள். "ஜவ்வு வெறும் வாசல் சார். பெரிய பெரிய அறிஞர்களே ஒரு காலத்துல காதுக்குள்ள காத்து அடைச்சிருக்கு, அதுதான் கேக்குதுன்னு நெனச்சாங்க. நூத்துக்கணக்கான வருஷம் அப்படித்தான் நம்பினாங்க. அப்புறம் பார்த்தா, உள்ள நத்தை மாதிரி சுருண்ட இந்தக் கூட்டுக்குள்ள காத்து இல்ல, தண்ணி. மைக்ராஸ்கோப் நல்லா வந்தப்புறம் அதுக்குள்ள மயிரிழை வச்ச செல் வரிசையா நிக்கிறதைப் பார்த்தாங்க. செத்தவங்க காதை வச்சு, சத்தம் உள்ள அலையா ஓடுறதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த அலையை செல்லுங்க மூளைக்கு அனுப்பணும். பாப்பாவுக்குப் பொறக்கும்போதே அந்த செல்லுங்க வேலை செய்யல."

"காதுக்குள்ள மிஷின் வக்கிறாங்களாமே? கடைய வித்தாவது வச்சிடறேன்."

"கடையெல்லாம் விக்க வேணாம் சார். வச்சா சத்தம் உள்ள போகும். ஆனா அதைப் பேச்சாப் புரிஞ்சுக்கிறது மூளை. முதல் மூணு நாலு வருஷத்துல சத்தமே வரலைன்னா மூளை அந்த இடத்தைக் கண்ணுக்கும் தொடுறதுக்கும் கொடுத்துடும். இப்ப வச்சு, பேச்சு வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ரெண்டு வயசுல வந்திருந்தா இந்நேரம் உங்ககூட வாய்ச்சண்டை போட்டுக்கிட்டிருப்பா. சைகை மொழி சொல்லிக்கொடுங்க. நீங்களும் கத்துக்கோங்க."

"அண்டா அடிச்சா திரும்புறாளே!"

"தரையில உக்காந்திருந்தாளா? அந்த அதிர்வு உடம்புல தெரிஞ்சிருக்கும் சார்."

நஜ்மா கலீலையே பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நஜ்மா நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அந்த அறிஞர்கள் தட்டுத் தடுமாறிப் போன வழியில்தான் இவனும் காற்று, அழுக்கு, ஜவ்வு என்று மகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அவர்களுக்காவது வெளிச்சம் இல்லை. இவனுக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்து, மிஷினாகச் செய்து, ஆஸ்பத்திரியில் வைத்து, வா வா என்று கூப்பிட்டார்கள். இவன் அண்டாவை அடித்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதஸ்ஸிரை உத்தரத்தில் கட்டிய தூளியில் போட்டாள். ரூஹி சுவரோரம் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கலீல் உள்ளே போய் அண்டாவோடு வந்தான்.

"வாணாம்," என்றாள் நஜ்மா.

அவன் கேட்கவில்லை. தூளிக்குக் கீழே கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தான். அந்தரத்தில் தொங்கிய தூளிக்குள் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது.

"கேக்குது! நஜ்மா, இவனுக்குக் கேக்குதுடி!" கரண்டியை எறிந்துவிட்டு மகனை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு கலீல் தேம்பித் தேம்பி அழுதான்.

சுவரோரமிருந்து ரூஹி திரும்பியிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கைதட்டல் வரவில்லை. முத்தமும் வரவில்லை. அத்தாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தான் சரியாகத் திரும்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து வந்து, கீழே கிடந்த கரண்டியை எடுத்து அண்டாவின் மேல் வைத்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்துக்கொண்டு, அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.