எதிர்வீட்டு அனல்

பிழிந்த போர்வையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு அவன் திரும்புவதற்குள் அதன் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

"இன்னொரு வாளி ஊத்து. அந்த ஆளோட மெஷின் குடிச்சுட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

அனலடிக்கத் தொடங்கிய வாரத்திலேயே அவர்கள் வீட்டு ஏசி ஒரு முனகலோடு நின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்து, கம்ப்ரஸர் போய்விட்டது, புதிதாக வர வேண்டும் என்றான். அதன்பிறகு எப்போது போன் செய்தாலும், "ஊரே வெந்துக்கிட்டு இருக்கு சார், எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்" என்றான். ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் அக்காவுக்கு மூச்சு வந்தது. திறந்தாலோ, எதிர்வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி கைக்கெட்டும் தூரத்திலிருந்து அடுப்பைப்போல அவள் முகத்தில் ஊதியது.

அதை அங்கே மாட்டிய நாளிலிருந்தே சண்டைதான். அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். தெருவில் அவளை விசில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பெட்டி ஓடத் தொடங்கியதும் ஜன்னலில் நின்று விசிலை ஊதுவாள். எதிர்வீட்டுத் தாடிக்காரர், "வயசானா புத்தி வரும்பாங்க, இதுக்கு விசில் வந்திருக்கு" என்று கத்துவார். பூட்டுக் கடையில் சாவி வெட்டுகிறவனான அவன், அவள் தம்பி, அறைக்குள் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டுவான். சின்ன வயதில் அவன் யாரிடமாவது அடி வாங்கி வந்தால்கூட, போய்க் கேட்டது அவள்தான்.

இப்போது விசில் ஊத அவளிடம் மூச்சில்லை. காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "இனிமே ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம். இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம். இருக்கிறவரைக்கும் சுகமா வெச்சுக்குங்க."

சுகம். மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"டேய்."

"என்னக்கா?"

"அதை நிறுத்தச் சொல்லுடா. கொஞ்ச நேரம் போதும்."

அதட்டாமல் அவள் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுப் படியேறும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். தாடிக்காரர் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று அவன் கழுத்தைத் தொட்டது. அவர் தோளில் குழந்தை. முதுகெல்லாம் வேர்க்குரு, அதன்மேல் பவுடர்.

"என்னங்க, உங்கக்கா அனுப்புனாங்களா? ரெண்டு நாளா விசிலைக் காணோமேன்னு பார்த்தேன். கரண்ட் போனப்போ பிள்ளை கத்துனது உங்களுக்கும் கேட்டிருக்குமே? நிறுத்துற பேச்சே வேண்டாம்."

குழந்தை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அக்காவுக்கு முடியலைங்க" என்றான். அதற்குமேல் நிற்க முடியாமல் படியிறங்கினான்.

வீட்டுக்கு வந்து மறுபடி போர்வையை நனைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் நின்றது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "கரண்ட் போச்சா?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. நிறுத்திட்டாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் உதடு ஒருபக்கமாகக் கோணியது. சிரிப்புதான். "நான் வருஷம் பூரா ஊதிச் சாதிக்காததை ஒண்ணும் சொல்லாமலே சாதிச்சுட்டியே, வாயில்லாப் பூச்சி."

போர்வை வழியாக வந்த காற்று முதல்முறையாகச் சில்லிட்டது, எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான். எதிரே ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. குழந்தை சிணுங்கியது.

"பிள்ளைக்கு வேர்க்குமேடா" என்றாள்.

பிறகு அவள் பேசவில்லை. எதிர்ச் சுவரைவிட்டு வெயில் இறங்குவதற்குள் மூச்சும் அடங்கியது. போர்வையில் இன்னும் ஈரம் இருந்தது.

மறுநாள் காலை எடுத்துப் போனார்கள். அவளிடம் ஓடவும் தாண்டவும் கற்ற பெண்கள் சிலர் நரைத்த தலையோடு வந்திருந்தார்கள். தாடிக்காரர் தெருமுனைவரை கூடவே நடந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது உச்சிவெயில். கட்டில் காலியாக இருந்தது. ஆணியில் விசில் தொங்கியது. போன் அடித்தது, மெக்கானிக்.

"சார், கம்ப்ரஸர் வந்துடுச்சு. அந்தம்மா என்னைக் காய்ச்சப் போறாங்க. இன்னைக்கே வந்துடுறேன்."

"மெதுவா வாங்க" என்றான்.

காய்ந்து விறைத்திருந்த போர்வையை அவிழ்த்தான். எதிரே பெட்டி அசையாமல் கிடந்தது. திறந்த ஜன்னலுக்குள் தாடிக்காரரின் மனைவி மடித்த செய்தித்தாளால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் கை ஒரு கணம் நின்றது.

இனிமேல் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினான். அறையில் காற்று இறுகியது. சற்று நேரம் கழித்து, கண்ணாடிக்கு அப்பால், பெட்டி ஒருமுறை செருமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். மெல்லச் சூடேறியது. கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.