பச்சை ஹெல்மெட்

என் மகள் மாடியிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தாள். நான் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் மொத்தம் பதினேழு படிகள். கதவைத் திறந்து வாப்பா என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நானே ஏறிப் போயிருப்பேன். ஆனாலும் வாய்ஸ்தான் வந்தது. இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.

அவளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சஃபா பிறந்தபோது நான் சவூதியில், ஜுபைலில் இருந்தேன். அவள் நடந்தபோதும், பள்ளிக்கூடம் போனபோதும், பெரியவளானபோதும் அங்கேதான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதத்தில் முதல் மாதம் அவள் என்னிடம் வெட்கப்படுவாள், இரண்டாவது மாதம் நான் பெட்டி கட்டுவேன். ரொம்ப காலம் அங்கே வாட்ஸ்அப்பில் கால் போகாது, வாய்ஸ் மட்டும்தான் போகும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு என்பதால் வெள்ளிக்கிழமைதான் பிள்ளை பேசுவாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, பரீட்சை, கனவு, பூனை குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். நான் ரூமில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எக்ஸிட்டில் ஏர்வாடிக்கு வந்துவிட்டேன். இனி திரும்பிப் போக வேண்டியதில்லை. இனி ஆசை தீரப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நேரில் பார்த்தால் அவள் சொல்வதெல்லாம் 'ம்', 'சரி வாப்பா', 'சாப்ட்டேன் வாப்பா'. இந்த மூன்றுதான். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாடியிலிருந்து வாய்ஸ் வரும். நான் ஜுபைலில் இருந்து கிளம்பி வந்த சேதி அவளுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

போனைக் காதில் வைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. காலேஜ் சாய்ஸ் எல்லாம் போட்டுட்டேன். மாமா கம்ப்யூட்டர் போடச் சொன்னாங்க, அத ரெண்டாவதா வச்சுட்டேன். ஃபர்ஸ்ட் சாய்ஸ் சேஃப்டி அண்ட் ஃபயர். என் கட்-ஆஃபுக்கு அது கெடச்சிரும். நீங்க பாத்த வேலதானே வாப்பா, உங்களுக்குத் தெரியாததா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு லாக் ஆயிரும், அதுக்கப்புறம் மாத்த முடியாது. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

இதோடு முடிந்திருக்கலாம். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசியிருந்தாள்.

"நாலு வருஷம் முடிச்சிட்டு ஜுபைலுக்கே ட்ரை பண்ணுவேன். இப்ப அங்க லேடீஸ் எடுக்குறாங்களாம். உங்க கம்பெனியே கெடச்சா நல்லாருக்கும். நீங்க இருந்த எடத்தப் பாக்கணும் வாப்பா. சின்னப் புள்ளையில இருந்து நெனச்சுக்கிட்டே இருப்பேன், வாப்பா இப்ப எங்கன நிப்பாங்க, எந்தப் பக்கம் பாத்து நிப்பாங்கன்னு."

மணி இரண்டேகால். போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே போவதற்குப் படிக்கப் போகிறாய் என்பதுதான் கேள்வி. நர்ஸிங் என்றால் ஜெர்மனி. கம்ப்யூட்டர் என்றால் கனடா. பி.காம் என்றால் துபாய். நாட்டின் பேர் சொல்ல முடியாத படிப்பை எடுத்தால் வீட்டில் ஏதோ கஷ்டம் போல என்று பேசிக்கொள்வார்கள். வரலாறு எடுத்த பர்வேஸ் மகனைப் பார்த்து இன்றைக்கும் ஆள்கள் துக்கம் விசாரிப்பது போலத் தலையாட்டுகிறார்கள். முன்னெல்லாம் இந்தக் கேள்வி பையன்களுக்கு மட்டும். இப்போது பெண் பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள். தர்கா ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் என் மச்சினன் காஜா நவாஸ் ஒரு தாளில் படிப்பு ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டு வந்து தந்தான். அதில் சேஃப்டி அண்ட் ஃபயர் இல்லவே இல்லை. அது சஃபா தானாகத் தேடி எடுத்தது.

தானாக என்று சொல்வதுகூடத் தப்பு. அந்தப் படிப்பை அவளுக்குக் கொடுத்தது நான். ஒரு போட்டோவில் கொடுத்தேன்.

அவள் யு.கே.ஜி. படிக்கும்போது 'என் குடும்பம்' என்று ஒரு நோட்டு செய்யச் சொன்னார்கள். அப்பா வேலை செய்யும் இடத்தில் எடுத்த போட்டோ வேண்டும். நான் ஜுபைலில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கேம்ப் லாண்டிரியில் இருந்தேன். தொள்ளாயிரம் ஆள்களின் அழுக்கு அங்கே வரும். துவைத்து, காயவைத்து, ஸ்டீம் பிரஸ்ஸில் தேய்த்து, நம்பர் பார்த்து அடுக்க வேண்டும். கெட்ட வேலை இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று என் வாப்பா ஊரார் அழுக்கைத் துவைக்கிறார் என்று சொல்லுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குச் சலவைக்கு வந்த மூட்டையில் ஒரு சேஃப்டி ஆபீசரின் ஜாக்கெட் கிடந்தது. ஆரஞ்சு நிறம், நெஞ்சில் வெள்ளிப் பட்டை. இன்னும் துவைக்கவில்லை, யாரோ ஒருவனின் வியர்வை வாடை அடித்தது. அதை மாட்டிக்கொண்டேன். உப்பூர் இருளாண்டி எங்கள் ரூம்காரன், ஸ்டோரில் வேலை. அவன் ஸ்டோரிலிருந்து ஒரு பச்சை ஹெல்மெட் எடுத்துக்கொண்டு வந்தான். சேஃப்டி ஆள்களுக்கு அங்கே பச்சைதான். டேங்குகளுக்கு முன்னால் நிறுத்தி அவனே எடுத்தான்.

"ஏலே ரிஃபாயி, கொஞ்சம் சிரிலே. புள்ளைக்குப் போற போட்டோ" என்றான்.

சிரித்தேன். பத்து நிமிஷத்தில் ஹெல்மெட் ஸ்டோருக்கும் ஜாக்கெட் மெஷினுக்கும் போய்விட்டன. நான் சேஃப்டி ஆபீசர் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. போட்டோவுக்குக் கீழே டீச்சர் அழகான கையெழுத்தில் 'என் தந்தை பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு லீவில் வந்தால் ஊரில் ஆள்கள் என்னை ஆபீசர் என்று கேலியும் மரியாதையுமாகக் கூப்பிட்டார்கள். அடுத்த லீவில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த லீவில் அதற்கடுத்த லீவு என்று நினைப்பேன். ஜுபைலில் இருந்து யாரும் ஊருக்கு நிஜத்தைக் கொண்டுவந்ததில்லை. பெட்டியில் சோப்பும் சென்ட்டும்தான் இருக்கும்.

மணி மூன்றானது. அடுக்களைக்குப் போனேன். என் மனைவி ருக்ஸானா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சஃபா என்னத்தப் போட்டிருக்கான்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"அந்தப் படிப்பு..." என்று இழுத்தேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க லீவுல வாரப்பல்லாம் வலது கையில ஒரு புதுத் தீக்காயம் இருக்கும். வெல்டிங் தெறிச்சுச்சும்பீக. வந்த மறுநாளே எந்திரிச்சு அவ யூனிபாரத்தத் தேய்ச்சு வப்பீக. அந்த மாதிரி மடிப்பு இந்த ஊர்ல இஸ்திரி போடுறவனுக்குக்கூட வராது. ஆபீசருக்கு எப்படிங்க வரும்?"

நான் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "ஏன் அப்பவே கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்." குழாயை மூடினாள். "ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? சொல்லாட்டியும் போகட்டும், தூரத்துல கெடக்குற மனுசன்னு விட்டுட்டேன். அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அவ படிக்கப் போறது நாலு வருஷங்க. போயிச் சொல்லுங்க."

பதினேழு படிகளையும் ஏறினேன். அவள் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நிற்பது போல. அது எனக்குச் சுருக்கென்றது. சுவரில் அந்தப் போட்டோ பெரிதாக்கி லேமினேட் செய்து மாட்டியிருந்தது. எட்டு மாதமாக நான் அந்த ரூமுக்குள் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஹெல்மெட் என் தலைக்குப் பெரியது. புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எவனுக்கும் தெரிந்துவிடும்.

"என்ன வாப்பா?"

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்ட்டேன் வாப்பா."

"ஃபேன் ஓடுதா?"

இரண்டு பேர் தலைக்கு மேலும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு "ம்" என்றாள். இறங்கி வந்துவிட்டேன்.

கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க இன்னொன்று உறுத்தியது. நான் சொல்லப் போவது அவளுக்காகவா, எனக்காகவா? சொன்னால் சேஃப்டியும் வேண்டாம், ஜுபைலும் வேண்டாம் என்று விட்டுவிடுவாள், மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஏதாவது படித்துவிட்டு இங்கேயே இருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை ஓடியது. நான் வந்து சேர்ந்த நேரத்தில் அவள் கிளம்பத் தயாராகிறாள். பதினேழு வருஷம் நான் அங்கே, அவள் இங்கே. இனி அவள் அங்கே, நான் இங்கே. இதற்கா வந்தேன் என்று இருந்தது. சொல்லாமல் விட்டாலோ, பிள்ளை யாரோ ஒருவனின் அழுக்குச் சட்டையைப் பார்த்து நான்கு வருஷம் படிப்பாள். என்றைக்காவது ஜுபைலில் போய் இறங்கி, ரிஃபாய் என்று ஒரு ஆபீசர் இருந்தாரே என்று யாரிடமாவது கேட்பாள்.

மணி நான்கரை. போனை எடுத்து மைக்கை அழுத்தினேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அழித்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி அழித்தேன். நேரில் வராத பேச்சு இதிலும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டேன். ரூமின் மேல் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். வாய் தானாகத் திறந்தது. ஆரம்பத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அதற்குப் பிறகு சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

"அந்தப் போட்டோவுல இருக்குற சட்ட என்னுது இல்லம்மா. தொவைக்க வந்தது. ஹெல்மெட்டு இருளாண்டி மாமா ஸ்டோர்ல எடுத்தது. வாப்பா லாண்டிரியிலதான் இருந்தேன். வந்த அன்னைலருந்து கடைசி நாள் வரைக்கும் அங்கனதான். ஜன்னலு கெடையாது. எந்தப் பக்கம் பாத்து நிப்பாங்கன்னு கேட்டியே, செவுத்தப் பாத்துத்தாம்மா நின்னேன். பிரஸ்ஸுக்கு மேல உன் போட்டோ ஒட்டியிருந்துச்சு, ஆவியில அடிக்கடி கழண்டுரும், மறுபடி ஒட்டுவேன். சேஃப்டி நல்ல படிப்பா இருக்கும், அதப்பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. உனக்கே புடிச்சா படி. எனக்காகன்னு படிக்காத. நீ போகாம இருந்தா எனக்குச் சந்தோசம், அதயும் சொல்லிர்றேன். ஆனா அதுக்காகச் சொல்லல. அதுக்காகவும் கொஞ்சம் சொல்றேன்னு வச்சுக்க. அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நீயே பாத்து முடிவு பண்ணும்மா."

விரலை எடுத்தேன். போய்விட்டது. ஒரு டிக், பிறகு இரண்டு டிக். அடுக்களை வாசலில் ருக்ஸானா ஈரக் கையோடு வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் எழுந்து போய் முதல் படியில் உட்கார்ந்தேன். நான்கு ஐம்பதுக்கு இரண்டு டிக்கும் நீலமானது.

மாடியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. கரகரப்பாக, கொஞ்சம் அவசரமாக, எங்கேயோ தூரத்தில் இருந்து வருவது போல இருந்தது. யாருடைய குரல் என்று ஒரு விநாடி எனக்குப் பிடிபடவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. வாப்பா இங்க நல்லாருக்கேன். நீங்க அங்கன நல்லாருக்கீகளா?"

குரல் லாண்டிரி, பிரஸ், அஞ்சு மணி என்று கடைசிவரை பேசி முடித்தது. மாடியில் நாற்காலி நகரவில்லை, கதவு திறக்கவில்லை. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கூடத்துக் கடிகாரத்தில் ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் அதை மறுபடி முதலில் இருந்து போட்டாள்.

"வாப்பா இங்க நல்லாருக்கேன்" என்றது மேலேயிருந்து.