ரொட்டி வீட்டு எஞ்சின்

தையல்காரருக்கு அவருடைய மச்சினன் ஒரு சிறுநீரகம் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. மனைவியின் ரத்தம் பொருந்தவில்லை என்று மருத்துவமனையில் கைவிரித்த அன்று, அவளுடைய தம்பி மாவு படிந்த சட்டையோடு பேக்கரியிலிருந்து நேராக வந்து, "என்னோடதையும் எடுத்துப் பாருங்க" என்று கையை நீட்டினான். பொருந்திவிட்டது. பேக்கரியில் அடுப்பு வேலை அவனுக்கு. ஊரே அவனை 'ரொட்டி' என்றுதான் கூப்பிடும்.

இருவரும் நல்லபடியாகத் தேறினார்கள். அதுவரை வாய் நனைக்கிற அளவுக்கே தண்ணீர் குடித்துவந்த தையல்காரர், இப்போது தம்ளர் தம்ளராகக் குடித்தார். தன் வயிற்றுத் தழும்பைக் கண்ணாடியில் பார்த்து, "டாக்டர் கெட்டிக்காரர்தான், தையல் மட்டும் சுமார்" என்று சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

வராதது ஒன்றுதான். மச்சினனின் முகத்தைப் பார்க்கும் தெம்பு. அவனுக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். "அடுப்பு முன்னாடி கோட்டு போட்டுட்டு நிக்கவா அத்தான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். மாவில் விழுந்துவிடும் என்று அதுவும் திரும்பி வந்தது. பிறகு அவன் கடைப்பக்கம் வந்தாலே, பட்டன் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே கிளம்ப ஆரம்பித்தார்.

"அவன் என்ன, கிட்னியத் திருப்பிக் கேக்கவா வர்றான்? ஏன் இப்படி ஓடறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

ஒருநாள் அவர் ஓடுவதற்குள் ரொட்டி ஒரு செருப்புப் பெட்டியை வெட்டு மேஜைமேல் வைத்தான்.

"அத்தான், உங்களால ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லு மாப்ளே. எதுன்னாலும் சொல்லு" என்று துள்ளி எழுந்தார்.

பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பொம்மை ரயில் எஞ்சின், கூடவே கொஞ்சம் தண்டவாளம், மின்சாரப் பெட்டி, ஒரு எண்ணெய்ப் புட்டி. ரொட்டி கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருக்கிறவன். மதியத்துக்கு மேல் வேலை கிடையாது. ரயில் விடுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"ஓடுது, விளக்கு எரியுது. புகைதான் வர மாட்டேங்குது. முன்னாடி குப்குப்புன்னு விடும். உள்ள ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கு. அதுல திரி, அதுமேல சூடாகுற கம்பி. புகைபோக்கி வழியா நாலு சொட்டு எண்ணெய் விட்டா திரி குடிச்சுக்கும். சக்கரம் சுத்தச் சுத்த அடியில ஒரு ஓட்டை வழியா காத்து வந்து புகையைத் தள்ளும். அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய விஷயம்!" என்றார் தையல்காரர். ஒருவழியாகத் தன்னால் ஆகக்கூடிய ஒன்றை அவன் கேட்டுவிட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

திறந்து பார்த்தால் திரி கரிக்கட்டையாகிக் கிடந்தது. தோள்பட்டைக்கு வைத்துத் தைக்கும் பஞ்சில் நல்லதாகக் கொஞ்சம் கிள்ளித் திணித்தார். நாலு சொட்டுக்குப் பதில் பத்துச் சொட்டு விட்டால் இன்னும் நன்றாக வருமே என்று விட்டார். ஒரு நூலிழை புகை வந்தது. பின்னாலேயே கருகல் நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"புகை பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"பிடிக்கக்கூடாதுன்னுதான் சொன்னார். விட வைக்கக்கூடாதுன்னு சொல்லல."

மறுபடி பஞ்சு, மறுபடி எண்ணெய். புகைபோக்கி களகளவென்று கொப்பளித்து அவர் முகத்தில் எண்ணெயைத் துப்பியது. அந்த வாரம் முழுக்க இதே கூத்து. உடம்பில் ஒரு பாகத்தையே கொடுத்தவனுக்கு ஒரு வாய்ப் புகையைக் கொடுக்க வக்கில்லையே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரொட்டியின் அறைக்கே போனார்.

பேக்கரிக்கு மேல்மாடி. கீழே அடுப்பு இருப்பதால் தரை வெதுவெதுவென்று இருந்தது. தண்டவாளம் கட்டிலுக்கு அடியில் புகுந்து, அலமாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"என்னால முடியல மாப்ளே. புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

ரொட்டியின் முகம் சுருங்கிவிட்டது. "புதுசு வேணும்னா நானே வாங்கியிருக்க மாட்டேனா? உக்காருங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து எஞ்சினைத் திறந்தார்கள். ரொட்டி முகர்ந்து பார்த்தான். "பஞ்சா வச்சீங்க? கருகத்தானே செய்யும்." தடதடவென்று கீழே இறங்கிப் போய், ஒரு வெள்ளைக் கயிற்றுத் துண்டோடு வந்தான். "அடுப்புக் கதவைச் சுத்தி வைக்கிற கயிறு, கண்ணாடி நூல். எவ்வளவு சூட்டுக்கும் அசையாது."

தையல்காரர் அதை ஊசியால் இழை இழையாகப் பிரித்து, மெத்தென்று கிண்ணத்தில் வைக்கப்போனவர் நின்றார். அடியில் இருந்த காற்று ஓட்டை கரியால் அடைபட்டிருந்தது. "மூக்கப் பொத்திக்கிட்டு மூச்சு விடுன்னா எப்படிடா விடும்?" என்று ஊசி முனையால் குத்தி எடுத்தார்.

அவர் தலை குனிந்திருந்த நேரம் பார்த்து ரொட்டி சொன்னான்: "அத்தான், முன்னாடி நான் கடைக்கு வந்தா, 'வந்துட்டான்டா தண்டச்சோறு'ன்னு திட்டுவீங்க. இப்ப அதிகாரி வந்த மாதிரி எழுந்து நிக்கிறீங்க. கிட்னி போனதுகூட எனக்குத் தெரியல. நீங்க வராததுதான் தெரியுது."

தையல்காரர் திரியைக் கிண்ணத்தில் வைத்து அமுக்கினார்.

"என்னடா செய்யச் சொல்ற? உன்னப் பார்த்தா என்ன சொல்றதுன்னே தெரியல. நன்றின்னு சொன்னா மேடையில பேசுற மாதிரி இருக்கு. சொல்லாம இருக்கவும் முடியல."

"அப்ப திட்டுங்க" என்று ரொட்டி எண்ணெய்ப் புட்டியை எடுத்து அப்படியே சாய்க்கப்போனான்.

"எண்ணெயை இப்படியாடா ஊத்துவ? எஞ்சினா, பொரிக்கிற சட்டியா? கூமுட்டை!"

ரொட்டி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தையல்காரருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் வந்தது.

நாலு சொட்டு விட்டு ஓடவிட்டார்கள். ஒன்றும் வரவில்லை. புகைபோக்கியின் வாயில் எண்ணெய் ஏடு கட்டியிருந்ததைப் பார்த்த தையல்காரர், எஞ்சினைத் தூக்கி, குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல மெதுவாக ஊதினார். திரும்ப வைத்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. குப்பென்று ஒரு வெள்ளை உருண்டை. அடுத்த சுற்றுக்கு அடுத்தது.

"வந்துடுச்சு அத்தான்!"

தையல்காரர் அவன் பிடரியில் கைவைத்து அழுத்தினார். "நீ நல்லா இருக்கணும்டா" என்றார். ரொட்டி தலையை ஆட்டினான். இந்த முறை எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன மனுஷனைக் காணோமே என்று மனைவி தேடிக்கொண்டு மாடியேறி வந்தபோது, இரண்டு ஆண்களும் தரையோடு கன்னம் வைத்துப் படுத்திருந்தார்கள். அவளுக்குத் திக்கென்றது.

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அந்த ஃபேனை நிறுத்து, புகையைக் கலைக்குது" என்றார் கணவர்.

அவள் நிறுத்தினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எஞ்சின் வெளியே வந்தது. காற்றில்லாத அறையில் புகை நேராக எழுந்து நின்றது. அவள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு சுத்து விடுடா" என்றாள்.